அண்ணன் மோசம்

எங்கள் வீட்டில் ‘மோசம்’ என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. குழம்பில் உப்புக் கூடினால் மோசம். ஆஸ்பத்திரியில் ஆள் இழுத்துக்கொண்டிருந்தால் மோசம். நம்பியவர் கழுத்தை அறுத்தால் அதுவும் மோசம்தான். அதில் எது என்று தெரியாமல் ஒருநாள் லிஃப்ட்டுக்குள் செத்துப் பிழைத்தேன்.

அன்று காலை என் வீட்டுக்காரர் பத்து காவான் ஊரிலுள்ள ஃபேக்டரிக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார். கொழுந்தன் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மாற்றுத்துணி, ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு நான் எங்கள் ஃபிளாட் லிஃப்ட்டில் ஏறினேன். பாழாய்ப்போனது பாதியில் நின்றது. விளக்கும் அணைந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனின் போன்.

“அண்ணி, அண்ணன் மோசம்...”

அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை. கதவை ஓங்கி ஓங்கித் தட்டினேன். வெளியே காவலாளி, “சபார் லா, ஆள் வருது” என்றான். பொறுமையாம்! என் தாலி அங்கே ஊசலாடுது, இவனுக்குப் பொறுமை.

மூச்சு முட்டியது. எங்கே திரும்பினாலும் இரும்புச் சுவர். உட்கார்ந்து அழுதேன். “தண்ணீர்மலை முருகா, ஆள் பிழைச்சா போதும். அவரு எனக்கு எந்தக் கெடுதல் செஞ்சிருந்தாலும் மன்னிச்சிட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்” என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

ஒருவழியாகக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே வந்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டேன்.

“காலுதான் உடைஞ்சிருக்கு அண்ணி. உயிருக்கு மோசமில்ல.”

“பின்னே என்னத்துக்கு மோசம்னு சொன்னே?”

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். “அண்ணன் மோசம் பண்ணிட்டாரு அண்ணி. இங்க ஒரு பொண்ணு கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. நான்தான் அவரு சம்சாரம்னு நர்ஸ்கிட்ட சொல்லுது.”

கையில் கஞ்சி சூடாக இருந்தது. ஐயோ, வேண்டுதலை வேறு செய்து தொலைத்துவிட்டேனே! முருகன் தன் பேச்சைக் காப்பாற்றிவிட்டான். நான் மட்டும் எப்படிப் பின்வாங்குவது? ஆஸ்பத்திரிக்குப் போய், வயிறு எரிய எரியக் கஞ்சி ஊட்டினேன்.

தைப்பூசத்தன்று பால்குடம் சுமந்து மலைப்படி வரை வந்தேன். ஏற முடியாமல் அவர் படியடியிலேயே ஊன்றுகோலோடு நின்றார். பக்கத்து வீட்டு அக்கா என் வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“மோசம் போயிட்டேன்க்கா” என்றேன்.

“சீச்சீ, அதெல்லாம் தாண்டியாச்சு. ஆள் நல்லாத்தானே நிக்கிறாரு!” என்றாள்.