மருந்து போடாத வரிசை

எங்க பட்டு ஆராய்ச்சிப் பண்ணையில அவங்களுக்குப் பேரு பூஞ்சையம்மா. பெரிய படிப்புப் படிச்ச விஞ்ஞானிதான், ஆனா வருஷம் பூரா கண்ணாடித் தட்டுல பூஞ்சை வளர்த்தா ஜனங்க வேற என்ன பேரு வைப்பாங்க? அவங்களும் அதைக் கண்டுக்கலை. நான் பக்கத்துக் கட்டடத்துல பட்டுப்புழு வளர்க்கிற அறைக்குப் பொறுப்பு. புழுவுக்கு மல்பெரி இலையை விட்டா வேற சாப்பாடு கிடையாது. அந்தச் செடியோ வேர் அழுகிச் செத்துக்கிட்டு இருந்தது. அதனால அவங்க பொழப்பும் என் பொழப்பும் ஒரே மண்ணுல மாட்டிக்கிச்சு.

வேரழுகல் வந்தா, நேத்து நல்லா இருந்த செடி இன்னைக்குத் தலையைத் தொங்கப்போடும். பிடுங்கினா வேர் கறுத்து, தோல் கையோட வரும். மண்ணுல ரசாயனம் ஊத்தினா நோய் போகும். அது இலையில ஏறினா என் புழுவும் போகும். அப்புறம் செடியை வச்சு நான் என்ன பண்றது, மாலை கட்டிப் போட்டுக்கறதா? பூஞ்சையம்மா வேற வழி சொன்னாங்க. மண்ணுல இருக்கிற ஒரு நல்ல பூஞ்சையை வளர்த்துவிட்டா, வேரைத் தின்கிற கெட்ட பூஞ்சையை அது தின்னுடுமாம். முள்ளை முள்ளால எடுக்கிற கதை.

சொன்னா போதுமா, நிரூபிக்கணுமே. செடி சாகிற ஒரு துண்டு நிலத்தை எடுத்து, பாதி வரிசைக்குப் பூஞ்சைக் கரைசல் ஊத்தினாங்க. மீதி வரிசைக்கு ஒண்ணும் கிடையாது. போட்டது பிழைக்கணும், போடாதது சாகணும். அப்பத்தான் முடிவை வந்து பார்க்கிற ஆய்வுக் குழு நம்பும். நம்பலைன்னா ஒட்டுமொத்தத் தோட்டத்துக்கும் ரசாயனம்தான்னு இயக்குநர் சொல்லிட்டார். என் அறையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேடத்துக்குச் சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். கரைசல் ஊத்தி முடிச்சதும் டிரம், மக்கு, செருப்பு, தோட்டக்காரர் கால் வரைக்கும் குழாயடியில கழுவியாகணும். "ஒரு சொட்டுகூட அந்தப் பக்க வரிசைக்குப் போயிடக் கூடாதுங்க"ன்னு அவரை விரட்டுவாங்க. "என் வீட்டுக்காரிகூட என் காலை இவ்வளவு கவனிச்சதில்லைம்மா"ன்னு அவர் என்கிட்ட வந்து குறைப்பட்டுக்குவார்.

மூணாவது வருஷம் போட்ட வரிசை ஜம்முனு நின்னது. போடாத வரிசையும் ஜம்முனு நின்னது. அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க அவங்க முகம் கறுத்துக்கிட்டே போச்சு.

போடாத வரிசை மண்ணை எடுத்துத் தட்டுல வளர்த்துப் பார்த்தாங்க. அவங்க பூஞ்சையே முளைச்சு வந்தது. எப்படிப் போச்சு? குழாயைத் திறந்துவிட்டுட்டுத் தண்ணி பின்னாடியே நடந்தாங்க, நானும் கூடப் போனேன். கழுவின தண்ணி குழாயடியில தேங்கி, செங்கல் சந்துல நுழைஞ்சு, நேரா அந்த வரிசை வேர்ல போய் நின்னது. இத்தனை நாளும் கழுவிக் கழுவி அவங்களே ஊத்தியிருக்காங்க. சுத்தம் சோறு போடும்பாங்க. எங்க மேடத்துக்கு அது சோத்துல மண்ணைப் போட்டது.

மறுநாள் குழு வருது. "மேடம், அந்த வரிசையில ஒரு பத்து இருபது செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு, செத்துடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்க பூஞ்சை வேலை செய்யுதுன்னு நமக்குத்தான் தெரியுமே"ன்னேன்.

"நமக்குத் தெரிஞ்சா ஆச்சுங்களா? வேர் நல்லா இருக்குமே."

"அவங்க குனிஞ்சு வேரையா பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேனே"ன்னாங்க.

இதுக்கு மேல என்ன பேச? நான் தலையில அடிச்சுக்கிட்டு வந்துட்டேன். அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. நேர்மையா இருக்கிறவங்க பக்கத்துக் கட்டடத்துல வேலை பார்க்கிறவங்களைக் கொஞ்சம் யோசிக்கணும்.

குழு முன்னாடி, "என் தப்பால கெட்டுப்போச்சு"ன்னு ஒரே வரியில சொல்லிட்டாங்க. தலைவர் ஒருதரம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்புறம், வேற நிலத்துல முதல்லேருந்து செய்யுங்க, அதுவரைக்கும் ரசாயனம் வேண்டாம், இதுவும் தப்பாப் போனா பேச்சே கிடையாதுன்னார். மேடம் சரி சரின்னு தலையாட்டினாங்க. அது முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவங்களுக்கு ஓய்வு வந்துடும்னு அந்த அறையில எல்லாருக்கும் தெரியும்.

அதே மாதிரி ஓய்வும் வந்தது. போறப்ப அந்தப் புது நிலத்தை என்கிட்ட ஒப்படைச்சாங்க. "சாகறதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒண்ணும் பண்ணிடாதீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

லேசா சொல்லிட்டாங்க. வாடற செடியைப் பார்த்தா தோட்டக்காரருக்குக் கை சும்மா இருக்காது. "ஒரு மக்கு கரைசல் ஊத்திடட்டுமா, பாவமா இருக்கு"ன்னு வந்து வந்து நிப்பார். "ஊத்தினீங்கன்னா உங்களை அங்கேயே நட்டுடுவேன்"னு சொல்லி வச்சிருந்தேன். என் பழைய ஆசை எல்லாம் செடி பிழைக்கணும்னுதான். அந்த வருஷம் மட்டும் போடாத வரிசையில ஒவ்வொரு செடியா சாகச் சாக எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம்.

கடைசிச் செடியும் சாய்ஞ்சதும் ஃபோன் போட்டேன். அவங்க வீட்டுக்காரர் எடுத்தார். "எல்லாம் செத்துடுச்சுன்னு சொல்லுங்க சார்"னேன். இத்தனை வருஷம் அவங்களோட குடும்பம் நடத்தின மனுஷன், பதறவே இல்லை. "இந்தா, உன் செடியெல்லாம் செத்துடுச்சாம்"னு உள்ளே குரல் கொடுத்தார்.

அவங்க வந்தாங்க. "வேரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். கறுத்துப்போச்சு. தொட்டா தோல் வருது."

"அந்தப் பக்கம்?"

"பச்சையா நிக்குது. காலையில என் புழுவுக்கு அங்கேருந்துதான் இலை பறிச்சேன். நல்லாத் தின்னுது."

லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம்தான் அவங்க அழறாங்கன்னு புரிஞ்சது. குழு முன்னாடி அழாதவங்க, ஓய்வு பெற்ற அன்னைக்கு அழாதவங்க. நான் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"வேலை செய்யுதுடி"ன்னாங்க.

அதுவரைக்கும் என்னை அவங்க வாங்க, போங்கன்னுதான் கூப்பிட்டிருக்காங்க.