தராசில் ஏறிய சினிமா மெஷின்

எங்கள் வீட்டுக்குச் சினிமா வந்த கோடையில்தான் நான் எட்டாம் வகுப்பை முடித்திருந்தேன். எங்கள் தெருப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதுக்குப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். அது கடைத்தெருவைத் தாண்டி, பஸ் நிலையத்துக்கும் அப்பால் இருந்தது. என்னைச் சேர்ப்பார்களா மாட்டார்களா என்று அந்த விடுமுறை முழுக்க எனக்கு அதே கவலை. என் சுபாவமே அப்படி. மழை பெய்தால் தறிக்கு நீட்டிய பாவு நூல் ஈரமாகிவிடுமே என்று பயம், பெய்யாவிட்டால் கிணறு வற்றிவிடுமே என்று பயம்.

அப்பாவிடம் நேராகக் கேட்க எனக்குத் துணிச்சல் கிடையாது. அம்மாவைக் கேட்கச் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு வந்து, "மெஷின் சமாச்சாரம் ஒண்ணு முடியட்டும்னாருடி" என்றாள். மெஷினுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மெஷின் சமாச்சாரம் சீக்கிரம் முடிய வேண்டுமே என்று ஊரிலிருந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் அது லேசான காரியமில்லை. எந்தச் சாமியை விட்டுவிட்டோமோ என்று அதற்கொரு கவலை.

மெஷின் என்பது சினிமா காட்டும் மெஷின். அந்தப் பங்குனியில் அம்மாவும் சித்தியும் மதிய ஆட்டம் பார்த்துவிட்டு வரும்போது, கொட்டகை வாசலில் எவனோ சீழ்க்கை அடித்திருக்கிறான். சித்தி அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. "இனிமே இந்த வூட்டுப் பொம்பளைங்க கொட்டாய்க்குப் போவத் தேவையில்ல" என்றார். சித்திக்கு முகம் வாடிவிட்டது. அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டால் இன்னொன்றைக் கையில் கொடுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பட்டுச்சேலைகளைக் கொடுக்க மெட்ராஸ் போனவர், அங்கே ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டு மாடியில் சுவரில் படம் ஓடுவதையும், பெண்களெல்லாம் ஜமக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பதையும் கண்டுவிட்டு வந்தார். "அவன் வூட்ல ஓடுது. நம்ம வூட்ல ஓடாதா?" என்றார். சினிமாப் பைத்தியமான சித்தப்பா, "தாராளமா ஓடும் அண்ணா" என்று அப்போதே கூடத்துக் கதவைச் சாத்தி இருட்டு போதுமா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் மைக்செட் கட்டுகிற பாய் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வரைக்கும் அவருடைய குழாய்தான் கத்தும். அவரிடம் அப்பா சொல்லிவைத்தார். ஒரு நாள் காலையில் பாய் சைக்கிள் ரிக்‌ஷாவில் இரண்டு மெஷின்களையும், ஒரு குழாய் ஸ்பீக்கரையும், ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கரையும் கொண்டுவந்து, தறி போட்டிருந்த கூடத்தில் இறக்கினார். எல்லாம் கை மாறி வந்த சாமான்கள். "பார்த்து எது புடிக்குதோ எடுத்துக்குங்க மொதலாளி. புடிக்கலன்னா ஒரு சலாம் போட்டுட்டு தூக்கிக்கினு போயிடறேன்" என்றார்.

முதலில் குழாயை வைத்தார். ஒரு ரிக்கார்டைப் போட்டதும் கூடமே அதிர்ந்தது. ஓட்டு இடுக்கிலிருந்து தூசி கொட்டியது. தறியில் நீட்டியிருந்த பாவு இழைகள் நடுங்கியதை நான் பார்த்தேன். எங்கே அறுந்துவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, எந்தக் கோயிலில் உற்சவம் என்று கேட்டாள். அடுத்து மரப்பெட்டியை வைத்தார்.

"இன்னா பாய், கொடத்துக்குள்ள ஒக்காந்து பாடற மாதிரி இருக்குது" என்றார் அப்பா.

"அண்ணா, நாம கோயிலுக்கா வாங்கறோம்? வூட்டுக்கு இது போதும்" என்றார் சித்தப்பா.

"சத்தம் கம்மியா வர்ற சாமானுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய பொட்டி?"

பாய் ஏதேதோ விளக்கினார். வால்வு என்றார், வாட்டு என்றார். அப்பா தலையை ஆட்டினார். புரியாதபோது அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக ஆட்டுவார். குழாயா, பெட்டியா என்று அரை மணி இழுத்தது. கடைசியில் அம்மாதான், அடுப்பங்கரையிலிருந்தே, "கொழாய வெச்சா தெருவே நம்ம படத்தக் கேக்கும். அப்புறம் வூட்டுக்குள்ள பாக்கறதுக்கு இன்னா அர்த்தம்?" என்றாள். அதோடு பெட்டி என்று முடிவாயிற்று.

மெஷின் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒன்று கறுப்பாக, இரும்பாலான பழைய மெஷின். இன்னொன்று சாம்பல் நிறத்தில், சூட்கேஸ் மாதிரி மூடியோடு இருந்தது. அப்பா இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவரச் சொன்னார். சேலையைப் பார்ப்பது போலத் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், விரலால் தேய்த்து விரலை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இதுல இன்னா எழுதியிருக்குது, படி."

சாம்பல் மெஷினில் ஒரு திருகுக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தைகள் இருந்தன. ஒன்று 'சவுண்ட்'. இன்னொன்று 'சைலண்ட்'. சைலண்ட் என்றால் வாயை மூடு என்று அர்த்தம். எங்கள் டீச்சர் அப்படித்தான் சொல்லுவார். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன்.

"பேசுன்னும் இருக்குது, வாய மூடுன்னும் இருக்குதா? ஒரே மெஷின்லயா?" அப்பாவின் நெற்றி சுருங்கியது. "கறுப்புல?"

"அதுல ஒண்ணும் எழுதலப்பா."

எழுதாத மெஷின்மேல் அப்பாவுக்கு ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. அதன்பின் அவர் செய்ததை எங்கள் ஊரில் யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். நூலை எடை போட்டுத்தான் நெசவாளிக்குக் கொடுப்போம், சேலையை எடை போட்டுத்தான் திருப்பி வாங்குவோம். எடை நின்றால் சரக்கு நல்ல சரக்கு. கூடத்து உத்தரத்தில் பெரிய தராசு தொங்கிக்கொண்டிருந்தது. "தூக்குங்கடா" என்றார் அப்பா. ஒரு தட்டில் கறுப்பையும் எதிர்த்தட்டில் சாம்பலையும் ஏற்றினார்கள். கயிறு முறுகிக் கிறீச்சிட்டது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கறுப்புத் தட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தது. சாம்பல் மெஷின் அந்தரத்தில் ஆடியது.

"பாத்தியா" என்றார் அப்பா.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "மொதலாளி, இது பட்டு இல்ல. எடை வேற, வேலை வேற. கறுப்பு ஊமை மெஷினு. அந்தக் காலத்துப் படத்துக்கு ஆனது. பேசற படம் இதுல போவாது."

"பட்டுக்குத் தெளிக்கற மாதிரி தண்ணி கிண்ணி தெளிச்சு எடைய ஏத்திட்டீங்களா பாய்?" என்றார் சித்தப்பா.

"தெளிச்சிருந்தா நல்ல மெஷின்லதானே தெளிச்சிருப்பேன் தம்பி."

"ஊமைன்னா? பொட்டி ஸ்பீக்கர்தான் இருக்குதே. ஒயர மாட்டினா பேசிட்டுப் போவுது" என்றார் அப்பா.

பாய் பையிலிருந்து ஒரு துண்டு பிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் எல்லாரும் தலையை நுழைத்துப் பார்த்தோம். குட்டிக் குட்டியாகப் படங்கள். ஒரு ஓரத்தில் வரிசையாகத் துளைகள். மறு ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, நெளிநெளியாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் சத்தம் என்றார் பாய். அதைப் பார்த்துப் படிக்கிற கண் சாம்பல் மெஷினில் இருக்கிறதாம், கறுப்பில் இல்லையாம்.

கண்ணால் படித்தால் காதில் எப்படிக் கேட்கும் என்று எனக்குக் குழப்பம். அப்பாவுக்கு வேறு குழப்பம். "கரையிலயா சத்தம் இருக்குது?" என்று கேட்டார். கரை என்று அவர் சொன்னது சேலையின் கரையைத்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கரை எப்படியிருந்தா இன்னா, ஒடம்பு நல்லா இருக்கணும். கறுப்பையே ஓட்டுங்க" என்றார்.

ஜன்னல்களைச் சாக்கால் மூடினார்கள். சுவரில் அப்பாவின் புது வேட்டியைக் கட்டினார்கள். வேண்டாத ஒரு பழைய படத்தின் துண்டைப் பாய் கறுப்பு மெஷினில் மாட்டினார். மெஷின் நெல் அரைக்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. வேட்டியில் ஒரு வயல் வந்தது. வயல் நடுவே ஒருவர் நின்று, கையை ஆட்டி ஆட்டி, உரத்தைப் பற்றியோ எதைப் பற்றியோ வாயை அசைத்தார். பெட்டியிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சித்தப்பா ஓடிப்போய்ப் பெட்டியில் காதை வைத்தார். அப்பா ஒயரைப் பிடித்து ஆட்டினார். அவருக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஆனால் அப்பாவின் மனசை மாற்றியது அந்த ஊமைத்தனம் இல்லை. ஓடி முடிந்த பிலிமைப் பாய் எடுத்து அவர் கையில் கொடுத்தார். கறுப்பு மெஷினுக்கு இரண்டு பக்கமும் பல். நெளிக்கோடு ஓடிய ஓரம் முழுவதும் பல் கடித்துக் கடித்துக் கிழித்திருந்தது. அப்பா அதை விரலால் நீவிக்கொண்டே போனார், முனையிலிருந்து முனைவரை. கரை கெட்ட சேலையை மடியில் போட்டுக்கொண்டு அவர் இப்படி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"தூக்கிக்கினு போங்க பாய் இத" என்றார். "கரைய கடிக்கிற மெஷினு நம்ம வூட்டுக்கு ஆவாது."

அப்படித்தான் சாம்பல் மெஷின் தங்கியது. அடுத்த பிரச்சினை அதை ஓட்டுவது. பாய்க்கு வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம்; அதே வயல் படத்தின் கிழியாத இன்னொரு துண்டைக் கொடுத்து, மாட்டும் விதத்தை ஒருமுறை காட்டிவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். காட்டியது யார் மண்டையிலும் நிற்கவில்லை. சித்தப்பா தைரியமாக இறங்கி, பிலிமைக் கசக்கி, இரண்டு இடத்தில் அறுத்தார். "கொட்டாயில எவ்ளோ நாள் ஆபரேட்டர் ரூம எட்டிப் பாத்துக்கினு இருந்தீங்க, இதான் கத்துக்கினீங்களா?" என்று சித்தி குத்திக்காட்டினாள்.

மெஷினின் மூடிக்கு உட்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. பிலிம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, இங்கிலீஷில் பெயர்கள் எழுதியிருந்தன. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அம்புக்குறிக்கு அர்த்தம் தெரியும். அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய விரல்தானே என்று நானே பிலிமில் மிஞ்சிய நீளத் துண்டை எடுத்துச் சுற்றினேன். ஸ்விட்சைத் தொடுவதற்கு முன் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன். தொட்டேன். வயல்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை பெட்டிக்குள்ளிருந்து கணீரென்று பேசினார்.

அப்பா என் தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம். "படிச்ச புள்ளைனா சும்மாவா" என்றார். மறுநாள் பாய் வந்தபோது என்னை ஓட்டிக் காட்டச் சொன்னார். பாயும் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா" என்றார். பிறகு, "பாப்பாவுக்கு ஸ்கூல் தொறந்துட்டா யாரு மொதலாளி ஓட்டறது?" என்று கேட்டார்.

"அது வூட்லதானே இருக்கப் போவுது. அதுக்கு இன்னா வேலை?" என்றார் அப்பா, ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

சனி, ஞாயிறு விடுமுறையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பங்கரையில் அம்மி அரைக்கும் சத்தம் நின்றது. அன்று மாலை அம்மா எனக்குத் தலை பின்னும்போது, "நீ எல்லாத்தையும் படிச்சுச் சொல்லணுமா? தெரியலன்னு சொன்னா இன்னாடி?" என்றாள். கரண்டில் கை வைக்கிறேனே என்ற பயம் அம்மாவுக்கு என்று எண்ணி, "பயப்படாதம்மா, ரப்பர் செருப்பு போட்டுக்கறேன்" என்றேன். அம்மா பின்னலை இறுக்கிக் கட்டினாள்.

பஞ்சாங்கம் பார்த்து முதல் படம் போட அப்பா நாள் குறித்தார். அது பள்ளிக்கூடம் திறக்கிற நாளாக அமைந்துவிட்டது. எனக்குக் கவலைதான், ஒருநாள் தாமதமாகச் சேர்ந்தால் முன்பெஞ்சு கிடைக்காதே. அம்மாவிடம் சொன்னேன். "படத்தப் போட்டு முடி" என்று மட்டும் சொன்னாள். காலையில் என்னோடு எட்டாவது படித்த பெண்கள் ரிப்பன் கட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். உள்ளே வந்து இந்த மெஷினைப் பார்த்தால் அசந்துபோவார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. எல்லாம் பெண்கள். ஆண்கள் வெளியே. பாய் கொண்டுவந்த சிரிப்புப் படத்தின் சுருளை மாட்டி ஓடவிட்டேன். பியூஸ் போகவில்லை, பிலிம் அறுந்துபோகவில்லை. சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர்வீட்டு அம்மாள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து, "கொடுத்து வெச்சவடி நீ" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா மட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், படத்தைவிட என் கையையே அதிகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாம்ப் வெளிச்சம் கசிந்து அவள் முகத்தில் விழுந்தது. எல்லாரும் சிரித்த ஓர் இடத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சற்றுக் கழித்து மறுபடியும் துடைத்தாள். படம் மங்கலாகத் தெரிகிறது போலிருக்கிறது, அதுதான் கண் கூசி நீர் வருகிறது என்று நினைத்தேன். எழுந்து, லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, "இப்போ தெளிவா இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.