மெல்லசாமி மனசுக்குள் பேசியது

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் மகுடேஸ்வரன். அவர் யாரையாவது அதட்டியதாக அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமே, "பரவால்லீங்க, காலை அங்க வெச்சது என்ர தப்புத்தான்" என்பார். மனைவி தெய்வாத்தாள் நேர் எதிர். அவள் வாசலில் நின்று பேசினால் மூன்றாவது வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். பக்கத்து இடத்துக்காரர் இவர்கள் மனைக்குள் தள்ளிச் சுவர் எழுப்பியபோது அவர் "போனாப் போகுது" என்றார். அவள் செங்கல் குவியல் மேல் ஏறி நின்று பேசிய பேச்சில் மேஸ்திரி சுவரைப் பிரித்துத் தள்ளிக் கட்டினார். "உங்களுக்கு வாய்ல என்னங்க கொழுக்கட்டையா?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் மாடியறையில் முன்பு சண்முகப்பிரியா என்ற பெண் குடியிருந்தாள். அதே கம்பெனியில் பனியனுக்குப் படம் வரைகிற வேலை. சாப்பாடு பெரும்பாலும் கீழேதான். பிறகு சென்னையில் கார்ட்டூன் எடுக்கும் இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். 'ஓவர்லாக் வீதி' என்று ஞாயிறுதோறும் வரும் நகைச்சுவைத் தொடர் அவர்கள் எடுப்பதுதான். நம்ம பிரியா வரைந்தது என்று பெருமை பேசிக்கொண்டே தெய்வாத்தாள் ஒரு வாரமும் விடாமல் பார்த்தாள்.

அந்தத் தொடரில் அவளுக்குப் பிடித்தவர் கதாநாயகனின் பக்கத்து வீட்டுக்காரர் மெல்லசாமி. வாய் திறக்க மாட்டார். ஆனால் அவர் மனசுக்குள் நினைப்பது மட்டும் நமக்குக் கேட்கும். அவர் மனைவி வெங்கலத்தாள் போனில் தங்கையோடு பேசுவாள். 'இதுக்குப் போனு எதுக்கு? ஜன்னலைத் தொறந்தாப் போதுமே' என்று மெல்லசாமி நினைப்பார். தெய்வாத்தாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இவளைக் கட்டீட்டு மாரடிக்கற மனுசன் சாமிங்க. நானா இருந்தா அவ வாய்ல பிளாஸ்திரி ஒட்டியிருப்பேன்" என்றாள். பக்கத்தில் மகுடேஸ்வரன் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

காங்கேயத்தில் தெய்வாத்தாளின் தங்கை சுப்பாத்தாள் வீட்டு விருந்துக்குப் போன ஞாயிறன்றுதான் அது நடந்தது. சாப்பிட்டுவிட்டு உறவெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அன்றைய கதையில் மெல்லசாமியின் மனைக்குள் தள்ளிப் பக்கத்து இடத்துக்காரர் சுவர் எழுப்புகிறார். வெங்கலத்தாள் சேலையைச் செருகிக்கொண்டு செங்கல் குவியல் மேல் ஏறுகிறாள். மெல்லசாமி அந்தப் பக்கம் போய் மேஸ்திரிக்கு டீ கொடுக்கிறார். 'இவ கத்தற கத்துக்குச் செவுரு தானா நகந்துரும். மேஸ்திரிக்கு வேலை மிச்சம்' என்று நினைக்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வாத்தாள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். வெங்கலத்தாள் கணவன் பக்கம் திரும்பி, "வாய்ல என்னங்க கொழுக்கட்டையா?" என்றதும் கூடத்தில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. யாரும் டிவியைப் பார்க்கவில்லை. சுப்பாத்தாளின் மகள் மோனிஷா, கல்லூரியில் படிக்கிறவள், மெதுவாகக் கேட்டாள்:

"பெரீம்மா, இது நீங்கதானுங்களே?"

தெய்வாத்தாள் டிவி பக்கம் திரும்பினாள். திரையில் அந்தப் பெண்ணின் கை ஆடியது. அது அவள் கை. நடுவிரலை மடக்கிக்கொண்டு ஆட்டுவது அவள் ஆட்டுவது. இத்தனை மாதம் அதைப் பார்த்து, இப்படியும் ஒரு பொம்பளையா என்று அவளே சிரித்திருக்கிறாள்.

வண்டியில் திரும்பும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மகுடேஸ்வரன் பயந்துபோய் வழியில் நிறுத்தினார்.

"ஏனம்மிணி, ஒடம்புக்குச் சேருலியா?"

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் தலையாட்டினார். "மொதல்லயே தெரியும். பிரியா போன் பண்ணிக் கேட்டுச்சு. தாராளமா வரைஞ்சுக்க கண்ணுன்னு சொன்னேன்."

"என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணுலியா?"

"கேட்டிருந்தா நீ வேண்டாம்ப."

அவர் அவளுக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்தது அதுவே முதல் தடவை. அதை நம்புவதற்குள் இன்னொன்று நெஞ்சில் இடித்தது.

"அப்ப, அந்தாளு மனசுக்குள்ள பேசறதெல்லாம்?"

மகுடேஸ்வரன் வண்டிக் கைப்பிடியைத் துடைத்தார். "அது நாஞ் சொல்றதுதான். வாரவாரம் கூப்பிட்டுக் கேக்கும். சொல்லுவேன். அப்படியே போட்டுக்கும்."

தெய்வாத்தாள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்த ஒவ்வொரு வரியும் கூடவே படுத்து எழுந்த இந்த மனிதருடையது. அவருக்கு ஒன்றும் தோன்றாது, அதனால்தான் பேசுவதில்லை என்று உறவு முழுக்க அவள் சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் பேச்சில்லை. கோபம் என்று அவர் நினைத்தார். அவளுக்குக் கோபம் பாதிதான். சோறு போடும்போதெல்லாம் அவர் நெற்றியைப் பார்த்தாள். உள்ளே இப்போது என்ன ஓடுகிறதோ என்று திகிலாக இருந்தது.

கடைசியில் ஒரு காலையில் அவளே தட்டை நகர்த்தி வைத்துக் கேட்டாள். "இப்ப என்ன நெனைக்கறீங்க? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "நம்மூட்டு ஃபேன் கிரீச்சுனு சத்தம் போடுது. இத்தன வருசமா எனக்குத் தெரியவே இல்லை."

அவளால் அடக்க முடியவில்லை. சிரிப்பு புரையேறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"இதெல்லாம் எங்கிட்ட ஏனுங்க சொல்லாம இருந்தீங்க?"

"நீ எடம் உட்டாத்தானே அம்மிணி."

அவர் குத்திக்காட்டவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோல் சொன்னார்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஓவர்லாக் வீதி பார்க்கிறார்கள். மெல்லசாமி ஏதாவது நினைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அவள் திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்புகிறாள். டிவியில் குரல் வருவதற்குள் மகுடேஸ்வரனின் உதடு லேசாக அசைந்து முடிந்திருக்கும்.