சாய்க்காதே என்று எழுதியவர்

"கொஞ்சம் விடுறியாப்பா?" என்று திரையிடம் கேட்டு, ஒரு விசையைத் தட்டிவிட்டு, இரண்டு விரல்களை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நாலு விநாடி, ஐந்து விநாடி. சில நாள் ஒரு நிமிடம்கூட ஆகும். அதுவரை எந்த விசையையும் தொடமாட்டார். தும்மல் வந்தால் தோளுக்குள் தும்முவார். திரையில் ஒரு சின்ன வரி வந்து விழுந்ததும், "சமத்து" என்று சொல்லி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காற்றிலிருந்து எதையோ உருவி, வாயால் ஊதித் தூசி தட்டுகிறார். அந்தப் பொருளில் தூசி படிய வழியில்லை. பொருளே இல்லை.

பெரிய மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில், எந்நேரமும் குளிரும் ஒரு கணினி அறையில் அவருக்கு வேலை. உடன் வேலை செய்பவர்கள் அவரைச் 'சொருகி' என்பார்கள். அறையில் நிற்பது ஒரே ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் ஒரே ஒரு பெரிய கணினி. ஆனால் அந்த ஒன்று தன்னை முப்பத்திரண்டாகப் பாவித்துக்கொள்கிறது. ஒரே வீட்டில் தடுப்புக் கட்டி முப்பத்திரண்டு குடித்தனம் வைத்ததுபோல. நோயாளிகளைப் பதிவு செய்யும் கணினி ஒரு குடித்தனம், ரத்தப் பரிசோதனைக் கணினி ஒன்று, மருந்துக் கூடத்துக்கு ஒன்று. எல்லாமே கற்பனைக் கணினிகள். கற்பனைக் கணினிக்குக் கற்பனை நெட்வொர்க் கார்டு, கற்பனை டிஸ்க். மாதத்தில் இரண்டு மூன்று நாள், காலையில் பதிவு வரிசை வாசல் தாண்டும்போது, அங்கே கூடுதலாக ஒரு கார்டைச் செருகுவார். மதியம் கூட்டம் கரைந்ததும் அதைக் கழற்றிவிடுவார். இதற்காகக் கணினியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் வரிசையில் நிற்பவர்களும் நிற்க வேண்டியதுதான். "பேசிக்கிட்டே இருக்கிறவன் வாயில பல்லு கட்டுற வேலை சார் இது. அவன் பேச்சும் நிக்கக்கூடாது, நம்ம விரலும் தப்பிக்கணும்" என்பார்.

கேட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்பதில் அவர் கறார். வேலைக்கு வந்த புதிதில், அவசரப்பட்டுக் கேட்காமல் ஒரு கார்டைப் பிடுங்கிவிட்டார். பரிசோதனைக் கணினி வாய் பிளந்து நாற்பது நிமிடம் உறைந்து நின்றது. சோதனைக்குழாயைக் கையில் பிடித்தபடி ஒரு கர்ப்பிணிப் பெண் அந்த நாற்பது நிமிடமும் சுவரோரம் நின்றிருந்தாள். "அது தலையாட்டுற வரைக்கும் நம்ம கை சும்மா இருக்கணும். அது கையில என்ன வேலை இருக்குன்னு நமக்கென்ன தெரியும்?"

சேர்ப்பதை யாரும் கேட்பதில்லை. கழற்றியதற்குத்தான் மருத்துவமனையில் கேள்வி. கணினியிலிருந்து கழற்றிய எந்தப் பாகத்தையும் மூன்றாம் மாடி ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. கார்டுகளெல்லாம் தகரமும் செம்புமாக இருந்த காலத்தில் எழுதிய விதி. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஸ்டோரிலிருந்து கடிதம் வந்தது: 'தாங்கள் கழற்றியதாகத் திரையில் காட்டும் கார்டு எங்கே?' அது கற்பனைக் கார்டு என்று இவர் நாலு கடிதம் எழுதினார். 'கற்பனையாக இருப்பினும் ஒப்படைக்கவும்' என்று நாலாவதற்குப் பதில் வந்தது.

அன்று வந்த கோபத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்தார். டேப் ஒட்டினார். எண் போட்டார். கோபம் அதற்குள் குறும்பாகத் திரும்பியிருந்ததால், மேலே கொட்டை எழுத்தில் 'உடையும் பொருள். சாய்க்காதே' என்றும் எழுதி மாடிக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் ரசீது வந்தது: 'நல்ல நிலையில் பெறப்பட்டது.'

குடித்துக்கொண்டிருந்த காபி அவருக்கு மூக்கு வழியாக வந்தது. அந்த ரசீது இன்றும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. முத்திரை விழுந்த காகிதத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பக்தர்களைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். சொந்தக்காரர்களுக்கு, டாக்டர்களுக்கு, முடி வெட்டுபவருக்கு, எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு கழற்றும் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு காலிப் பெட்டி. பெட்டிக்கு ஒரு 'சாய்க்காதே'. ஸ்டோரில் முந்நூறுக்கு மேல் சேர்ந்து, அவற்றுக்கென்று பூட்டிய தனி அறை வந்தது. அறைக்கு வெளியே நெருப்பணைக்கும் கருவி மாட்டினார்கள்.

கதையை அவர் சொல்லாமல் விட்டது ஒரே ஓர் ஆளிடம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் படியக்காவிடம்.

படியக்கா ஒப்பந்தக்காரர் மூலம் வந்த சுமைப் பணியாளர். மூன்று மாடியும் படியில்தான் ஏறுவார். டேப் ஒட்டினாலே முத்திரையிட்டதாகக் கணக்கு. முத்திரையிட்ட பொருளை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்பது இன்னொரு விதி. பெட்டி நிரப்பியவருக்கு இந்த விதி தெரியாது. அவர் ஒருநாளும் பெட்டியோடு மாடி ஏறியதில்லை.

போன மாதம் ஸ்டோருக்குப் புதிதாக ஓர் ஆய்வாளர் வந்தார். அலமாரியிலிருந்து அவர் இழுத்த 212ஆம் எண் பெட்டி கீழே விழுந்து, பழைய டேப் பிரிந்து, வாய் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ரசீதுக்கு முன்பு கடைசியாகப் பெட்டியைத் தொட்டவர் யார் என்று பார்த்தார்கள். மறுநாள் காலை வாசலில் படியக்காவின் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. ஏன் என்று கேட்டவருக்கு, நெட்வொர்க் கார்டு திருடியதாக ஒரு தாளை நீட்டினார்கள். விசாரணையில் நிரூபணமானால் வேலை போகும். இனி எந்த மருத்துவமனையிலும் அவரை எடுக்கமாட்டார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட கமிட்டி. சொருகி தானாகவே போய் நின்றார்.

"பெட்டி காலிதான் சார். ஆரம்பத்துலேருந்தே காலி."

"அப்ப நீங்க காலிப் பெட்டிய ஒப்படைச்சதா ஒத்துக்கிறீங்க" என்றார் கமிட்டித் தலைவர்.

"ஒப்படைக்க அதுல ஒண்ணுமே கிடையாது சார். அந்தக் கார்டுக்கு உடம்பே இல்ல."

"உடம்பு இல்லாததுக்கு எதுக்குய்யா பெட்டி?"

"அதைத்தான் சார் ஒன்பது வருஷமா நானும் கேக்கறேன்."

ஓரமாக நின்ற ஸ்டோர்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல நிலையில் பெறப்பட்டதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் என்ன பொய்யா எழுதினேன்?"

"சரி, மத்த பெட்டியையும் திறந்து பாருங்க. எல்லாத்துலயும் காத்துதான் இருக்கும்."

"முத்திரை போட்ட பெட்டிய நினைச்சா திறக்க முடியாது" என்றார் தலைவர். "அதுக்கு ஒரு கமிட்டி போடணும்."

"அப்ப இது என்ன சார்?"

"இது, திறந்துக்கிட்ட பெட்டிக்குப் போட்ட கமிட்டி."

முந்நூறு கையெழுத்துகள் பொய்யாக வேண்டும், அல்லது ஒருத்தி திருடியாக வேண்டும். எது சுலபம் என்பதில் மூவருக்கும் குழப்பமே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் பழி எப்போதும் கீழ்ப்படியில் நிற்பவரின் தலையில்தான் வந்து இறங்கும்.

படியக்காவிடம், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். "ஒரு பெட்டியையும் நான் வழியில கீழ வச்சதில்லைங்க" என்றார் அவர். "ரெண்டு கையாலயும் நேராப் புடிச்சுத்தான் ஏறுவேன். சாய்க்காதேன்னு எழுதியிருக்குமில்ல."

வெளியே நடைவழியில் படியக்கா சொருகியை நிறுத்தினார்.

"சார், உள்ள நெசமாவே ஒண்ணும் இல்லியா?"

"இல்லக்கா."

"ஒருதடவகூட?"

"ஒருதடவகூட இல்லக்கா."

படியக்கா கொஞ்ச நேரம் தன் வலது முழங்காலைப் பார்த்தார். மழை நாளில் ஈரப்படியில் வழுக்கிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி விழுந்ததில் வீங்கிய கால். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு ஏறியிருப்பேனே சார்" என்றார். குரலில் கோபமில்லை. சொருகிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவர் கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 212ஆம் கார்டைப் பெட்டியில் வைக்க மறந்துவிட்டதாகவும், அது இத்தனை நாளும் தன் மேசை இழுப்பறையில் இருந்ததாகவும், படியக்காவுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் எழுதியிருந்தார். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்று ஊரெல்லாம் சண்டை போட்ட மனிதர், வாழ்க்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முதல் பொய்.

"இல்லாத சாமானை எடுத்து வச்சிருந்தேன்னு எழுதிக் குடுத்தீங்களா?" என்றார் மனைவி. "இதுக்குப் பேசாம திருடியே இருக்கலாம். கையில ஏதாவது மிஞ்சியிருக்கும்."

கடிதத்தோடு ஒரு புதுக் காலிப் பெட்டியையும் ஒட்டி எடுத்துப் போயிருந்தார். தலைவர் அதைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டோரிலிருந்து இன்னொரு பெட்டியை வரவழைத்து, இரண்டையும் இரு கைகளில் வைத்து, கண்ணை மூடி நிறுத்துப் பார்த்தார்.

"கனம் சரியா இருக்கு" என்றார்.

கார்டு கிடைத்துவிட்டது. நல்ல நிலையில் பெறப்பட்டது. கவனக்குறைவுக்காகச் சொருகிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. புதன்கிழமை படியக்காவின் அட்டை வாசலில் வேலை செய்தது.

பெட்டி அனுப்பும் விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி அவர் வாரம் ஒரு கடிதம் எழுதுகிறார். 'பரிசீலனையில் உள்ளது' என்று வாரம் ஒரு பதில் வருகிறது. ஆனால் பெட்டியில் 'சாய்க்காதே' எழுதுவதை விட்டுவிட்டார். கீழ்த்தளத்தில் டேப் ஒட்டுவதையும் விட்டுவிட்டார். முத்திரையிட்ட பொருளைத்தானே லிஃப்டில் ஏற்றக்கூடாது? மதியம் கார்டைக் கழற்றியதும், திறந்த பெட்டியை அக்குளில் இடுக்கி, டேப் உருளையை வளையல்போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, படியக்காவோடு லிஃப்டில் ஏறிவிடுகிறார். லிஃப்ட்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். மறுக்க அதில் ஏதும் இருக்காது.

ஸ்டோர் வாசலில் தரையில் குந்தி உட்கார்ந்து, மடிமேல் பெட்டியை வைத்து டேப்பை நீளமாக இழுக்கிறார். "ஒட்டலாமாக்கா?" என்று கேட்கிறார். படியக்கா வலியெடுத்த காலை மெல்ல மடக்கிக் குனிந்து, பெட்டிக்குள் கையை விட்டு, ஒவ்வொரு மூலையாகத் துழாவுகிறார். சில நாள் ஒரு நிமிடம்கூட ஆகும். அக்கா கையை வெளியே எடுத்துத் தலையாட்டும் வரை, இழுத்த டேப்பை அந்தரத்தில் பிடித்தபடி அவர் காத்திருக்கிறார்.