குழாயில் பிடித்த கல்

எழுபதுகளில் மெல்பனில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரே கவலைதான்: குழாயில் கல் பிடிக்கக் கூடாது. தூரத்துப் பாலைவனத்தில், எரிவாயுவுக்காகக் கிணறு தோண்டி, தண்ணீரையும் மணலையும் அழுத்தி இறக்கிப் பாறையைப் பிளப்பார்கள். மேலிருந்து போகும் தண்ணீரும் தெளிவு, பாறைக்குள் இருக்கும் தண்ணீரும் தெளிவு. இரண்டும் கலந்தால் வெள்ளையாக உப்புப் படிந்து குழாயை அடைத்துவிடும். அப்புறம் ஆசிட் ஊற்றினாலும் அசையாது. முதலிலேயே தண்ணீரில் கொஞ்சம் மருந்து கலந்துவிட்டால் தொல்லையே இல்லை. அந்த மருந்தைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம்.

நான், மேலாளர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு யாழ்ப்பாணப் பெண். அவளை எடுத்துக்கொள்ளச் சொன்னதே நான்தான். "நாங்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள், நானே பழக்கிவிடுகிறேன்" என்று மேலாளரிடம் பெருமையடித்தேன். அவள் கணவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை; இவள் சம்பளத்தில்தான் குடும்பம். மேலாளர் இருக்கும்வரை ஆங்கிலம்தான். அவர் நகர்ந்தால் தமிழ் கிளம்பும். கெட்டிலை அவள் கேத்தல் என்பாள், நான் சிரிப்பேன். தமிழ்நாட்டுக்காரி நான் "ஆமா" என்றால் அவளுக்குச் சிரிப்பு; அவளுக்கு அது "ஓம்".

அந்த வெள்ளிக்கிழமை மாலை பெரிய சோதனை. கொல்லைப்புறத் தொட்டித் தண்ணீர் பாறைத் தண்ணீரோடு கலந்து, மின் அடுப்புக்குள் சூடாகும் மெல்லிய குழாய் வழியாகச் சனி, ஞாயிறு முழுக்க ஓட வேண்டும். திங்கட்கிழமை கிணற்றுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். மேலாளர் அன்று சீக்கிரமே போய்விட்டார். அடுப்பு விசிறியின் இரைச்சலில் நான் கத்தினேன்: "மருந்து?"

கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே நின்றவள் கையை ஆட்டினாள். "போட்டு வாறன், அக்கா!"

தொட்டி அவள் போகிற வழியில்தான் இருந்தது. மருந்தைப் போட்டுவிட்டுப் போகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு பம்பை ஓட்டிவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை குழாயை வெட்டிப் பார்த்தால், சுண்ணாம்பைத் திணித்த மாதிரி அடைத்துக் கிடந்தது. வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். மேலாளர் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டார்.

"போடுவதாக இவள்தான் சொன்னாள்" என்றேன்.

அவள் ஆங்கிலத்தை மறந்தே போனாள். "ஐயோ அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை! பம்பைப் போடேக்க நீங்களே மருந்தையும் ஊத்துவீங்கள் எண்டு நினைச்சனான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் காதால் கேட்டதை இல்லை என்கிறாளே! நான் பழைய ஆள், அவள் புதியவள். மேலாளர் என்னைத்தான் நம்பினார். அவளுடைய வேலை போயிற்று.

அன்று மாலை என் மேசையருகே வந்து நின்றாள். நான் தலை நிமிரவில்லை. "போட்டு வாறன், அக்கா" என்றாள் மெதுவாக.

இனி எதைப் போடப் போகிறாளாம் என்று எரிச்சலோடு நிமிர்ந்தேன். கதவு மூடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. போய்விட்டு வருகிறேன் என்கிறாள். வெள்ளிக்கிழமையும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மற்ற நாட்களில் மேலாளர் முன்னால் ஆங்கிலத்தில் "பை" சொல்லித்தான் கிளம்புவாள். என் கேள்வி அவள் காதிலேயே விழுந்திருக்காது.

தெருவுக்கு ஓடினேன். டிராம் போய்விட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து மேலாளரிடம் விளக்கினேன். "ஒரே மொழி என்று நீதானே சொன்னாய்?" என்றார். கிணற்றுக்காரர்களிடம் அவளைக் காரணம் காட்டியாயிற்று, இனி மாற்ற முடியாதாம்.

அந்த வார இறுதியில் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது காலி செய்திருந்தார்கள். சிட்னியில், டூங்கபிப் பக்கம் உறவுக்காரர்களிடம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். விலாசம் தெரியவில்லை.

"என்ன போட்டு?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். கல் பிடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் மருந்தே போதும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு அது தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. அதைவிட வேதனை, வேலை போன அன்றும் அவள் முறையாக விடைபெற்றுக்கொண்டதுதான். "போயிட்டு வாங்க" என்று நான் பதில் சொல்லவில்லை.