ஓடர் ஆறும் அண்ணையின் திதியும்

என் அண்ணை எந்த நாளில் செத்தார் என்று உமக்குத் தெரியும். முப்பது வருடமாக மறைக்கிறீர். ஜேர்மனிக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சிக்காரர் நீர். போலந்தில் ஓடர் ஆற்றங்கரை வரை அண்ணையோடு சேர்த்து ஐந்து பேரைக் கூட்டிப்போனதும் நீர்தான்.

புறப்படும் முன் சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்து, கடைசியில் ஒரு ஆறு கடக்க வேண்டும் என்றீர். எங்களுக்குத் தெரிந்த ஆறு வழுக்கையாறு. மாரியில் மட்டும் ஓடும். கோடையில் அதற்குள் மாடு கட்டுவோம்.

"ஆறுதானே. சாரத்தை மடிச்சுக் கட்டினாச் சரி" என்றார் அண்ணை.

நானும் சிரித்தேன். நீர் திருத்தவில்லை.

ஓடரில் ஐந்து பேர் இறங்கி நாலு பேர் கரையேறினார்கள். அதில் ஒருவர் பிறகு எங்களுக்குச் சொன்னார். தண்ணீரில் ஐஸ் கட்டி மிதந்ததாம். நாள்கணக்காக ஒரு கொட்டிலுக்குள் அடைபட்டுக் கிடந்ததால் அவருக்குத் திகதி தெரியாது. நீரோ, அண்ணை போலந்தில் நிற்கிறார், கதைப்பார் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தீர்.

போன வருடம் ஜேர்மனியில் இருக்கும் மகளிடம் போனபோது அந்த ஆற்றைப் பார்த்தேன். செக் நாட்டு மலையில் தொடங்கி வடக்கே பால்டிக் கடலுக்குப் போகிறது. அக்கரையில் நின்ற ஆளின் முகம் தெரியவில்லை, அவ்வளவு அகலம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ரஷ்யப் படை கிழக்குக் கரைக்கு வர, ஜேர்மன்காரர் பாலங்களைத் தகர்த்தார்கள். பக்கத்து வயல்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிறகு ஆற்றையே ஜேர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாக்கினார்கள். அந்த எல்லைக்காகத்தான் அண்ணை தண்ணீரில் இறங்கினார். அந்த வயல்களில் இன்றைக்கும் எலும்புகளைத் தோண்டி எடுக்கிறார்கள், படையாட்களின் கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டைப் பார்த்துப் பெயரோடு புதைக்கிறார்கள் என்று மருமகன் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அண்ணி இன்னும் பொட்டு வைக்கிறார். இந்த வருடம்தான், இனிக் காத்திருந்தது போதும், திதியைச் செய்யுங்கள் என்றார். ஐயர் செத்த நாளைக் கேட்டார். தெரியாது என்றேன். அப்படியென்றால் ஆடி அமாவாசையில் செய்யலாம் என்றார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

"அது எல்லாற்றை தேப்பன்மாருக்கும் உள்ள நாள். அவருக்கெண்டு ஒரு நாள் இல்லையோ?"



வருகிற வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் உமக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். நோட்டீசில் உமது படம் போட்டிருக்கிறது. நானும் அண்ணியும் முன்வரிசையில் இருப்போம். மைக்கைப் பிடித்ததும் முதலில் அந்தத் திகதியைச் சொல்லும். ஊர் கேட்கச் சொல்லும்.