கட்டிலடி மன்றாட்டுமாலை

எட்டு வயதில் நான் ஒருமுறை சாகத் தயாரானேன். முறைப்படி, பாவசங்கீர்த்தனம் உட்பட.

நிமோனியாக் காய்ச்சல் என்று, மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா கைக்குழந்தையோடு எங்கள் ஊரான அரிப்பில், அப்பா கடலில். மற்றக் கட்டில்கள் வெறுமை. எனக்கென்று இருந்தது, அங்கே தாதிக்கு உதவியாளாக வேலை பார்த்த சின்னம்மா மட்டும். அவரும் வேலைக்குப் போய்விட்டால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். பதினொன்று. திரும்ப எண்ணினாலும் பதினொன்றுதான்.

ஒரு பின்னேரம் ஸ்பெயின் நாட்டு மதர், சின்னம்மாவோடு வந்து என் கட்டிலருகே நின்றார். "நெவ்-மோ-நீ-யா" என்று துண்டு துண்டாகச் சொல்லி, துண்டுக்கு ஒருமுறை பென்சிலால் கட்டில் கம்பியில் தட்டினார். 'நீ'க்கு மட்டும் ஓங்கி ஓர் அடி. சின்னம்மா தலைகுனிந்து திருப்பிச் சொன்னார். அடுத்து "எஸ்-தோ-மா-கோ." 'தோ'வில் அடி.

எங்கள் ஊரில் கட்டிலருகே நின்று ஒருவர் முன்னே சொல்ல இன்னொருவர் பின்னே சொன்னால், அது சாகிறவருக்கான மன்றாட்டுமாலை. இவர்களோ நான் கேள்விப்படாத புனிதர்களைக் கூப்பிடுகிறார்கள். தெரிந்த புனிதர்கள் கைவிட்டுவிட்டார்கள் போலும். நெஞ்சு பென்சிலை முந்தியது. என் பங்குக்கு, "ஈ-கா-தோ" வந்ததும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கத்தினேன். கையோடு, கோயில் மெழுகுதிரியைத் திருடி விளையாட்டுத் தோணியின் ஓட்டையை அடைத்ததையும் ஒப்புக்கொண்டேன்.

சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விசரா, அது ஈரலடா. நீ சாகேல்லை. நான் மதரிட்டை ஸ்பானிஷ் பாடம் படிக்கிறன்."

உயிர் திரும்பிய குஷியில் பென்சிலை வாங்கி நானே வாத்தியாரானேன். சின்னம்மாவுக்கு எல்லாம் வந்தது, நுரையீரலுக்கான "புல்-மோன்" தவிர. கடைசி அசையில் அழுத்த வேண்டியதை ஒவ்வொரு நாளும் முதலசையில் அழுத்தினார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கம்பி அதிர அடித்தேன்.

டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்து, சளி விட்டுவிட்டது என்றார். அன்று பின்னேரமே சின்னம்மா பத்துத் தரம் பிழையின்றிச் சொன்னார். மதர் அவரைக் கட்டிப்பிடித்தார். நான் கட்டிலில் ஏறிநின்று கைதட்டினேன்.

எல்லாச் சொல்லும் சரியாக வந்தால் ஸ்பெயினுக்குத் தாதிப் படிப்புக்கு அனுப்புவதென்று மதர் முன்பே சொல்லியிருந்தாராம். சின்னம்மா கொழும்புக்கு ரயிலேறி நாலு நாள் கழித்துத்தான் என்னை வீட்டுக்கு விட்டார்கள். அந்த நாலு நாளும் நான் கம்பியில் தட்டினேன். திருப்பிச் சொல்ல ஆளில்லை.

ஈரலும் இரைப்பையும் இலகுவாக வந்தவருக்கு, அந்த ஒரு சொல் மட்டும் என் நெஞ்சு சுகமாகும்வரை ஏன் வரவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நான் நல்ல வாத்தியார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.